கொழும்பில் ஒரு நாள் மிஞ்சினால்: சுவடிக்கூடத்தில் ஊரையும் உறவையும் தேடுதல்

ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கென்று வருகிறவர்கள் கொழும்பில் இறங்கினால் வெள்ளவத்தையில் ஒன்றிரண்டு நாள் தங்குவது வழக்கம். சொந்தக்காரரைப் பார்ப்பது, சேலை எடுப்பது, தோசை சாப்பிடுவது என்று அந்த நாட்கள் போய்விடும். அதில் ஒரு நாளைக் கறுவாத்தோட்டத்துக்கு ஒதுக்கலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தையில் தேசிய சுவடிகள் கூடம் இருக்கிறது. முதியவர்கள் அந்த வீதியை றீட் அவெனியூ என்பார்கள். ஓட்டோக்காரருக்கு றோயல் கல்லூரிப் பக்கம் என்று சொன்னால் போதும். ஒல்லாந்தர் காலம் தொட்டு இந்தத் தீவை ஆண்டவர்களின் கடதாசிகள் அங்கேதான் கிடக்கின்றன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அங்கே போகத் தேவையில்லாதவர்கள்தான் அதிகம் போகிறார்கள். பிறப்பு, விவாகம், இறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டுமென்றால் அது பிரதேச செயலகத்து வேலை. மேலே போக வேண்டியிருந்தால் பதிவாளர் நாயகம் திணைக்களம். காணி உறுதியின் பிரதி வேண்டுமென்றால் காணிப் பதிவகம். யாழ்ப்பாணத்துக் காணிக்கு யாழ்ப்பாணத்திலேயே பதிவகம் இருக்கிறது, கொழும்பில் அலைந்து பயனில்லை. வங்கியோ சட்டத்தரணியோ “தோம்பு எடுத்துக்கொண்டு வாங்கோ” என்றால் அதுவும் காணிப் பதிவகத்து ஏடுதான். சுவடிக்கூடத்தில் இருக்கிற ஒல்லாந்தர் தோம்பை, அதாவது அவர்கள் எழுதிய காணி, குடிப் பதிவேட்டைப் பார்த்து இன்று யாரும் காணி எழுதித் தரமாட்டார்கள். எல்லைத் தகராறோடு வருகிறவர் நேரே ஊருக்குப் போவது நல்லது.

அப்படியானால் சுவடிக்கூடம் யாருக்கு? பாட்டனாரின் அப்பா எந்தக் கந்தோரில் கிளாக்கராக இருந்தார், ஊர்க் குளத்தை யார் எப்போது திருத்தினார்கள், கோயில் வழக்கு ஏன் வந்தது, கொழுந்து பறிக்க வந்த குடும்பத்தை அரசாங்கம் எப்படிக் கணக்கெழுதியது என்பது போன்ற கேள்வி உள்ளவர்களுக்கு. நம் ஆட்கள் அரசாங்கத்தோடு முட்டிய இடங்களில் மட்டும்தான் அந்தக் கடதாசிகளில் தெரிவார்கள். வரி கட்டினால், உத்தியோகம் பார்த்தால், பெட்டிசம் போட்டால், கோர்ட்டு ஏறினால் பெயர் இருக்கும். யாரோடும் வம்பில்லாமல் தோட்டம் செய்து வாழ்ந்து முடித்த மனுசனைத் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள்.

இன்னொரு சிக்கல், அங்கே பெயர் வரிசையில் எதுவும் அடுக்கப்படவில்லை. எந்தக் கந்தோர் எழுதியதோ அந்தக் கந்தோரின் பெயரில், தொகுதி தொகுதியாக இருக்கும். ஒல்லாந்தர் ஆவணங்கள் முதலாம் தொகுதி. அதன்பிறகு ஆங்கிலேயர் காலத்துத் தேசாதிபதியின் கடிதங்கள், பிரதம செயலாளர் அலுவலகக் கோவைகள், கச்சேரிகளின், அதாவது மாவட்ட அரசாங்க அதிபர் அலுவலகங்களின் கோவைகள் என்று போகும். “கந்தையா என்று ஒருவர், 1890ஆம் ஆண்டளவில்” என்று கேட்டால் உள்ளே இருப்பவர் உங்களைப் பாவமாகப் பார்ப்பார். “வலிகாமம் மேற்கில் மணியகாரர் கந்தோரில் வேலை செய்தவர், 1893” என்று கேட்டால் எந்த அட்டவணையை எடுப்பது என்று அவருக்குத் தெரியும். பெயர், ஊர், ஆண்டு, தொழில், காணியின் பெயர் ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று கையில் இல்லாமல் போக வேண்டாம். காணிக்குப் பெயர் உண்டு என்பதே இங்கிருந்து போன பிள்ளைகளுக்குத் தெரியாது. பழைய உறுதியில் பரப்பு, குழி என்ற நில அளவோடு அது இருக்கும். ஊரில் உள்ள பெரியம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதனால் ஊருக்கு முதலில் போய்விட்டு, திரும்பி வரும் வழியில் சுவடிக்கூடத்துக்குப் போவதே என் கணக்கில் சரியான ஒழுங்கு.

முதல் தடவை போகிறவருக்கு நான் காட்டுவது வர்த்தமானியை, அதாவது கசற்றை. 1802 முதல் வெளிவருகிறது, அச்செழுத்தில் இருக்கிறது, ஆங்கிலம் தெரிந்தால் போதும். நியமனம், இடமாற்றம், சம்பளத்தோடு லீவு எல்லாம் அதில் வரும். நான் அதிகம் மதிப்பது நீதிமன்ற அறிவித்தல் பகுதியைத்தான். ஒருவர் ஆதனம் விட்டு இறந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் டெஸ்டமென்டரி வழக்குப் போடுவார்கள். அந்த அறிவித்தல் கசற்றில் வரும். வழக்கிலக்கம் மேலே, அதன்கீழ் இறந்தவர் பெயரும் ஊரும். பிறகு மனுதாரர், பெரும்பாலும் மனைவி அல்லது மூத்த மகன். பிறகு எதிர்மனுதாரர்கள் என்று மற்றப் பிள்ளைகள் ஒன்று, இரண்டு, மூன்று என இலக்கமிட்டு, மகளென்றால் அவள் புருசனின் பெயரோடு. வயது வராத பிள்ளைக்கு யார் பாதுகாவலர் என்றும் இருக்கும். எதிர்மனுதாரர் என்றதும் சண்டை என்று பயப்பட வேண்டாம், அது வழக்கின் நடைமுறை. கால் பக்கம்கூட வராத அந்த அறிவித்தலில் ஒரு முழுக் குடும்பமே நிற்கும்.

உத்தியோகக் குடும்பம் என்றால் கசற்றோடு நீலப் புத்தகம், சிவில் லிஸ்ட் இரண்டையும் கேளுங்கள். ஆண்டுதோறும் யார் எந்தப் பதவியில் இருந்தார், என்ன சம்பளம் என்று அச்சிட்டிருப்பார்கள். மலாயாவுக்கு றெயில்வே வேலைக்குப் போவதற்கு முன் இங்கே சின்னக் கந்தோரில் இருந்தவர்கள் சிலர் இப்படித்தான் அகப்படுவார்கள்.

ஊர்க் கதை வேண்டுமென்றால் கச்சேரியின் நாட்குறிப்புகள். அரசாங்க அதிபர்கள் தாங்கள் சவாரி போன இடம், பார்த்த வழக்கு, கேட்ட முறைப்பாடு எல்லாவற்றையும் எழுதி மேலே அனுப்ப வேண்டும் என்பது விதி. வடக்கில் டைக் துரை 1829 தொடங்கி ஏறத்தாழ நாற்பது வருடமும், துவைனந்துரை 1869 முதல் 1896 வரையும் இருந்தார்கள். ஒரே ஆள் இவ்வளவு காலம் ஒரே இடத்தில் இருந்தால் எழுத்தில் ஊர் பழகிவிடும். எந்த விதானையார் (ஊர்த் தலைமைக்காரர்) பொய் சொல்கிறார் என்பதுகூட அவர்களுக்குத் தெரியும். ஆனால் எழுதியவர் துரை என்பதை மறக்க வேண்டாம். பெட்டிசம் போட்ட கிராமத்தவரை அவர் தொல்லைக்காரர் என்று எழுதியிருந்தால், பெட்டிசத்தையும் தேடிப் படித்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஒல்லாந்தர் பகுதிக்குள் போகிறவர்களுக்கு மொழி ஒரு மதில். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1658இல், ஆங்கிலேயரிடம் இழந்தது 1795இல். அந்தக் காலத்துக் கையெழுத்தைப் படிக்க ஒல்லாந்து மொழி தெரிந்தவருக்கே பயிற்சி வேண்டும். முதலாம் தொகுதிக்கு 1943இல் வெளிவந்த விவரப்பட்டியல் ஆங்கிலத்தில் இருப்பது ஒரு ஆறுதல். ஊர்ப் பெயர்கள் இன்னொரு குழப்பம். தீவகத்தார் கவனிக்க: அவர்கள் காரைதீவுக்கு அம்ஸ்ரர்டாம், வேலணைக்கு லைடன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நயினாதீவுக்கு ஹார்லம், அனலைதீவுக்கு றொட்டர்டாம், எழுவைதீவுக்கு ஹோர்ன் என்று தங்கள் ஊர்ப் பெயரையே வைத்தார்கள். நெடுந்தீவுக்கு வைத்த டெல்வ்ற் மட்டும் இன்றைக்கும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புங்குடுதீவு என்று தேடி ஒன்றும் இல்லையென்று எழுந்து வந்துவிடாதீர்கள். ஆட்பெயர்களையும் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், வாய்விட்டு வாசித்தால்தான் சண்முகம் சண்முகமாவார். தோம்பு எல்லா ஊருக்கும் தப்பிப் பிழைக்கவில்லை. இருக்கிற இடத்தில் சாதியும் எழுதியிருக்கும், அடிமை என்றும் எழுதியிருக்கும். இலங்கையில் அடிமைமுறையைச் சட்டம் முற்றாக நீக்கியது 1844இல்தான். பரம்பரைப் பெருமை தேடிப் போகிறவர்கள் இதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு போவது நல்லது. ஆண்டவரும் ஆளப்பட்டவரும் ஒரே ஏட்டில்தான் இருக்கிறார்கள்.

தாய்வழியைத் தேடுகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு வசதி உண்டு. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்த தேசவழமையை, அதாவது யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டத்தைத் தமிழில் பெயர்த்துப் பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரி என்றார்கள். ஆங்கிலேயர் 1806இல் அதையே சட்டமாக ஏற்றார்கள். சீதனம் பெண்ணின் பெயருக்கு எழுதப்பட்டதால் காணிக் கடதாசியிலும் வழக்கிலும் அம்மம்மா, பூட்டி எல்லாரும் தங்கள் பெயரோடு வருவார்கள். முதுசொமா (பரம்பரைச் சொத்து), தேடியதேட்டமா (மணவாழ்வில் சேர்த்த சொத்து) என்று வாதாடிய வழக்குகள் மேன்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றம்வரை போயிருந்தால், தீர்ப்பு சட்ட அறிக்கைகளில் அச்சாகியிருக்கவும் கூடும். 1971வரை இங்கிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கும் போகலாம் என்றிருந்தது. கோயில் வழக்குக்காரர் விடுவார்களா?

மலையகத்துக் குடும்பங்களுக்குக் கண்டியில் உள்ள கிளையையும் விசாரிக்கச் சொல்வேன். 1948, 1949ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டங்களும், ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்ட 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் ஏராளமான கடதாசியை உண்டாக்கின. வீட்டில் பழைய கடவுச்சீட்டோ விண்ணப்பத்தின் இலக்கமோ இருந்தால் படமெடுத்துக் கொண்டு போங்கள்.

பத்திரிகைகளும் அங்கே உண்டு. அச்சிடுகிறதையெல்லாம் அரசாங்கத்துக்குப் பிரதி கொடுக்க வேண்டும் என்று 1885இல் சட்டம் வந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தவற்றில் சிலவற்றைக் கொழும்பில் பார்க்க முடிவது இதனால்தான். ஈழகேசரி, வீரகேசரி, தினகரன், ஈழநாடு என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் போவதற்கு முன் வீட்டிலிருந்தே நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடுங்கள், பலது அங்கே ஏறிவிட்டது. லண்டன்காரருக்கு இன்னொன்று: தேசாதிபதி அனுப்பிய கடிதங்களின் மறுபக்கம் உங்கள் கியூவில் உள்ள பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகத்தில், சி.ஓ. 54 என்ற வரிசையில் இருக்கிறது. ஒல்லாந்திலுள்ளவர்களுக்கு ஹேக்கில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஏடுகள், பெருமளவு இணையத்தில். விமானச் சீட்டுக்குக் காசு போடாமலே ஆகிற வேலையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, போகிற நாள். வார நாளில் போங்கள், போயா தினமா என்று நாட்காட்டியைப் பாருங்கள். மாதாமாதம் பௌர்ணமியில் வரும் போயா அரச விடுமுறை, ஆடி ஆவணியிலும் அது உண்டு. சித்திரை வருடப்பிறப்பு வாரத்தை மறந்துவிடுங்கள். கடவுச்சீட்டும் அதன் பிரதியும், என்ன தேடுகிறீர்கள் என்று நாலு வரியில் ஆங்கிலத்தில் எழுதிய கடிதமும் கையில் இருக்கட்டும். வாசகர் அனுமதிக்குப் படிவமும் கட்டணமும் உண்டு, தொகையை முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பை வெளியில்தான். உள்ளே பென்சில் மட்டும், பேனை எடுத்தால் முறைப்பார்கள். கைத்தொலைபேசியில் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், கேட்காமல் எடுத்து மாட்டிக்கொண்டால் அன்றைய வேலை கெடும்.

சீட்டில் தொகுதி எண்ணையும் ஏட்டின் எண்ணையும் எழுதிக் கொடுத்தால் உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள், நேரம் எடுக்கும். அதனால் காலையில் முதல் ஆளாகப் போய் இரண்டு மூன்று சீட்டுக் கொடுத்துவிட்டு, அவை வரும்வரை அட்டவணையைப் புரட்டுங்கள். தமிழும் அரச கரும மொழிதான், என்றாலும் மேசையில் நடைமுறையில் சிங்களமும் ஆங்கிலமும் ஓடும். அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கிலம் என்பதால் சீட்டையும் ஆங்கிலத்தில் எழுதுவது வேலையை இலகுவாக்கும். பழைய மையில் இரும்பு இருப்பதால் எழுத்து விழுந்த இடம் அரித்துப் போய், பக்கம் சல்லடைபோல் வருவதுண்டு. அப்படிப்பட்ட ஏட்டைத் தரமாட்டோம், மைக்ரோபிலிமில் பாருங்கள் என்றால் வாதாட வேண்டாம், அவர்கள் சொல்வதுதான் நியாயம்.

பிரதி வேண்டுமென்றால் பக்கங்களைக் குறித்துக் கொடுத்துவிட்டு, அன்றே கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் வெள்ளவத்தையில் இருக்கும் மச்சானின் பெயரில் பெற்றுக்கொள்ள ஒழுங்கு செய்ய முடியுமா என்று அங்கேயே பேசிவிட்டு வாருங்கள். ரொறொன்ரோவிலிருந்து மின்னஞ்சல் போட்டுக் கொண்டிருப்பதைவிட அது எத்தனையோ சுகம்.