ஸ்டாட் ப்ரோவில் ஒரு ஸ்டீல் ஷெட்: முதல் நோடிலிருந்து பேஸ் ரியாக்‌ஷன் வரை

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எழும்பும் சாதாரண தொழிற்கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 15 மீட்டர், நீளம் 30 மீட்டர், ஈவ்ஸ் (கூரை சுவரைத் தொடும் விளிம்பு) உயரம் 6 மீட்டர், கூரைச் சரிவு பத்துக்கு ஒன்று. 6 மீட்டருக்கு ஒரு போர்ட்டல் ஃப்ரேம் (இரு தூண்களும் அவற்றை இணைக்கும் சரிவுப் பீம்களும்), மொத்தம் ஆறு. கிரேன் இல்லை, மெசனைன் (இடைத்தளம்) இல்லை. இதை ஸ்டாட் ப்ரோ என்ற கட்டமைப்புக் கணக்கீட்டு மென்பொருளில் மாடல் செய்து, இந்திய ஸ்டீல் கோடான ஐஎஸ் 800:2007 படி சரிபார்ப்பதுதான் வேலை. பெண்டிங் மொமென்ட், ஷியர், பக்லிங் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஜியோமெட்ரி

புதிய ஃபைலில் அனலிட்டிக்கல் மாடல், அலகு மீட்டர் – கிலோநியூட்டன். ஸ்டாடில் செங்குத்து அச்சு ஒய். ஈடாப்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் பழகியவர்கள் இசட்டை மேல்நோக்கி மாற்றத் துடிப்பார்கள். வேண்டாம், இருப்பதையே பழகிக்கொள்ளுங்கள்.

முதல் ஃப்ரேமுக்கு ஐந்து நோடுகள் (இணைப்புப் புள்ளிகள்): (0, 0, 0), (0, 6, 0), (7.5, 6.75, 0), (15, 6, 0), (15, 0, 0). அவற்றை இணைத்தால் நான்கு மெம்பர்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து டிரான்ஸ்லேஷனல் ரிப்பீட்: இசட் திசை, 5 படிகள், ஒவ்வொன்றும் 6 மீட்டர். லிங்க் ஸ்டெப்ஸையும் ஓபன் பேஸையும் டிக் செய்யுங்கள். ஓபன் பேஸை விட்டுவிட்டால் தரையோடு தரையாகக் காலங்களின் (தூண்களின்) அடிகளை இணைத்து பீம்கள் வந்துவிடும்.

இப்போது 30 நோடு, 39 மெம்பர் இருக்க வேண்டும்: ஃப்ரேம்களில் 24, ஈவ்ஸிலும் ரிட்ஜிலும் (கூரை உச்சி) ஓடும் இணைப்புகள் 15. எண்ணிக்கை பொருந்தாவிட்டால் மேலே போகாதீர்கள். டூப்ளிகேட் நோடு, ஓவர்லாப்பிங் மெம்பர், மல்டிபிள் ஸ்ட்ரக்சர் ஆகிய மூன்று சோதனைகளையும் ஓட்டிவிடுங்கள்.

அடுத்து பிரேசிங் (சாயாமல் பிடிக்கும் மூலைவிட்டங்கள்). இரு கடைக்கோடி பேக்களிலும் (பே என்பது இரு ஃப்ரேம்களுக்கு இடையிலான பகுதி) பக்கச் சுவரில் எக்ஸ், அதே பேக்களின் கூரைச் சரிவிலும் எக்ஸ். மொத்தம் 16 மூலைவிட்டங்கள். எக்ஸ் குறுக்கே வெட்டும் இடத்தில் நோடு போடாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

பிராப்பர்ட்டி, பீட்டா கோணம்

காலம், ராஃப்டர் (கூரையின் சரிவுப் பீம்) இரண்டுக்கும் முதல் முயற்சியாக ஐஎஸ்எம்பி 450 (450 மி.மீ. ஆழ ஐ வடிவ பீம்). ஈவ்ஸ், ரிட்ஜ் இணைப்புகளுக்குக் குழாய், பிரேசிங்குக்கு ஆங்கிள்.

ஃப்ரேம் எக்ஸ்–ஒய் தளத்தில் இருப்பதால் பீட்டா (மெம்பரைத் தன் அச்சில் சுழற்றும் கோணம்) 0 போதும். ஐ செக்‌ஷனின் வலுவான அச்சு தானாகவே சரியான பக்கம் அமையும். ஃப்ரேமை ஒய்–இசட் தளத்தில் வரைந்திருந்தால் காலங்களுக்குப் பீட்டா 90 தர வேண்டும். 3டி ரெண்டரிங்கைத் திறந்து, காலத்தின் வெப் ஃப்ரேமின் தளத்திலேயே படுத்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒரு நிமிட வேலை. இதைப் பார்க்காமல் விட்டால் 450 ஆழ பீமைப் பலவீனமான அச்சில் வளைத்துவிட்டு, 'செக்‌ஷன் போதவில்லை' என்று ஏற்றிக்கொண்டே போவீர்கள்.

சப்போர்ட், ரிலீஸ்: எல்லோரும் விழும் பள்ளம்

எல்லா அடிகளும் பின்ட் (நகர விடாது, சுழல விடும்). ஃபிக்ஸ்ட் கொடுத்தால் ஸ்டீல் எடை குறையும்தான். ஆனால் அந்த மொமென்டை பேஸ் பிளேட்டும் ஆங்கர் போல்ட்டும் ஃபவுண்டேஷனும் தாங்கியாக வேண்டும். சின்ன ஷெட்டுக்குப் பின்ட் தான் என் தேர்வு.

ஈவ்ஸ், ரிட்ஜ் குழாய்களின் இரு முனைகளிலும் எம்ஒய், எம்இசட் (ஒய், இசட் அச்சுகளைச் சுற்றிய மொமென்ட்) ரிலீஸ் செய்யுங்கள், அதாவது விடுவியுங்கள். எம்எக்ஸைத் தொடாதீர்கள். அது முறுக்கு, இரு முனையிலும் அதை விடுவித்தால் அந்த மெம்பர் தன் அச்சிலேயே சுழலத் தொடங்கிவிடும். பிரேசிங்குக்கு டென்ஷன் ஒன்லி (இழுவையை மட்டும் தாங்கும்).

இப்போது அனாலிசிஸ் ஓட்டினால் பலருக்கும் வரும் செய்தி: 'இன்ஸ்டபிலிட்டி அட் ஜாயின்ட்', அதனுடன் ஒரு நோடு எண், ஒரு திசை, பிறகு 'வீக் ஸ்பிரிங் சேர்க்கப்படுகிறது' என்ற தகவல். இது வெறும் வார்னிங் வடிவில் வருவதுதான் ஆபத்து. மென்பொருள் அந்த இடத்தில் மெல்லிய ஸ்பிரிங் ஒன்றைத் தானே வைத்துக் கணக்கை முடித்து, பிழை பூஜ்யம் என்று காட்டும். கணக்கு முடிந்தது என்பதற்கும் கட்டடம் நிற்கும் என்பதற்கும் தொடர்பில்லை.

செய்தியில் உள்ள திசையைப் படித்தால் காரணம் அதிலேயே இருக்கும்:

திசை எம்எக்ஸ், எம்ஒய், எம்இசட் என்றால் அந்த நோடின் சுழற்சியைப் பிடிக்க யாருமில்லை. அங்கே சேரும் எல்லா மெம்பர்களையும் ரிலீஸ் செய்திருப்பீர்கள், அல்லது முறுக்கை விடுவித்திருப்பீர்கள். ஏதாவது ஒன்றின் ரிலீஸை எடுத்துவிட்டால் சரியாகும்.

பக்கச் சுவரின் பிரேசிங் நடுவில் எஃப்எக்ஸ் (எக்ஸ் திசை விசை) என்று வந்தால், எக்ஸ் வெட்டும் இடத்தில் நோடு போட்டிருக்கிறீர்கள். அச்சு விசை மட்டும் தாங்கும் நான்கு துண்டுகள் ஒரே தளத்தில் கிடக்கின்றன. அந்தத் தளத்துக்குக் குறுக்கே தள்ளினால் தடுக்க ஒன்றுமில்லை. நோடை நீக்கி, மூலைவிட்டத்தை முழு நீளமாக வரையுங்கள்.

இன்ஸ்டபிலிட்டி எதுவும் வராமல், இசட் திசையில் மட்டும் நகர்வு மீட்டர் கணக்கில் வந்தால், நீளவாக்கில் பிரேசிங் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. அடியும் பின், குழாய் இணைப்பும் பின் என்றால் சுவர்த்தளம் சீட்டுக்கட்டு வீடு போலச் சாயும். அதனால் அனாலிசிஸ் முடிந்ததும் முதலில் திறக்க வேண்டியது நோடு டிஸ்ப்ளேஸ்மென்ட் அட்டவணை. பெண்டிங் மொமென்ட் படம் அழகாக இருக்கும், ஆனால் அது இந்தத் தவறைக் காட்டாது.

லோடு

செல்ஃப்வெய்ட், ஒய் திசை, பெருக்கி –1. மைனஸ் குறியை மறந்தால் கட்டடம் மேலே பறக்கும்.

டெட் லோடு: ஷீட், பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பீம்), சில்லறை எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 0.15 கிலோநியூட்டன். 6 மீட்டர் அகலத்துக்கு 0.9 கிலோநியூட்டன்/மீட்டர், ஜிஒய் (குளோபல் ஒய்) திசை.

லைவ் லோடு: ஐஎஸ் 875 பகுதி 2 படி, ஏறிப் புழங்காத, 10 டிகிரிக்கு மேற்படாத கூரைக்கு 0.75. அதாவது 4.5 கிலோநியூட்டன்/மீட்டர். இது தரைப் பரப்பில் அளக்கும் சுமை என்பதால் திசை பிஒய் (புரொஜெக்டட் ஒய்), ஜிஒய் அல்ல. இந்தச் சரிவில் வித்தியாசம் சொற்பம்தான். 30 டிகிரிக் கூரையில் 15 சதவீதத்துக்கு மேல் போகும். கோடி ஃப்ரேம்களுக்கு எல்லாச் சுமையும் பாதி.

காற்றுதான் இந்த ஷெட்டின் அளவைத் தீர்மானிக்கிறது. ஐஎஸ் 875 பகுதி 3 (2015) படி சென்னைக்கு அடிப்படை வேகம் 50 மீ/வி. (கோவை, மதுரைக்கு 39, திருச்சிக்கு 47.) வேகத்தைத் திருத்தும் கெழுக்களில் கே1 (ஆபத்து), கே2 (நிலவகை, உயரம்), கே3 (மேடுபள்ளம்) மூன்றும் இங்கே 1. புயலுக்கான கே4 தான் பழைய கணக்குத் தாளை அப்படியே நகலெடுப்பவர்கள் தவறவிடுவது: கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் உள்ள தொழிற்கூடத்துக்கு அது 1.15. எனவே வேகம் 57.5, அழுத்தம் 0.6 × 57.5² = 1984 நியூட்டன்/சதுர மீட்டர்.

புயல் பகுதியில் கேடி (காற்றுத் திசைக் கெழு) 1.0. ராஃப்டர் தாங்கும் பரப்பு 45 சதுர மீட்டருக்குக் கேஏ (பரப்புச் சராசரிக் கெழு) சுமார் 0.87 வரும், காலத்துக்கும் சேர்த்து 0.9 என்றே வைத்துவிடலாம். கேசி (சேர்க்கைக் கெழு) 0.9. டிசைன் அழுத்தம் 1.61 கிலோநியூட்டன்/சதுர மீட்டர். இது 0.7 மடங்கு அழுத்தத்துக்கு, அதாவது 1.39க்குக் கீழே போகக் கூடாது, போகவில்லை.

சரிவு 5.7 டிகிரி. இனி அழுத்தக் கெழுக்கள், மைனஸ் என்றால் வெளிநோக்கிய உறிஞ்சல். காற்று வரும் பக்கக் கூரைக்கு –0.94, மறுபக்கம் –0.4. சுவர்களுக்கு +0.7, –0.25. பெரிய ஷட்டர்கள் இருப்பதால் உள்ளழுத்தம் ±0.5. உள்ளழுத்தம் வெளிநோக்கித் தள்ளும் கேஸில்:

இடது ராஃப்டர்: (0.94 + 0.5) × 1.61 × 6 = 13.9 கிலோநியூட்டன்/மீட்டர், மேல்நோக்கி
வலது ராஃப்டர்: 8.7, மேல்நோக்கி
இடது காலம்: 1.9, வலது காலம்: 7.2. இரண்டும் +எக்ஸ் திசையில்

ராஃப்டருக்கு லோக்கல் ஒய் திசை கொடுங்கள். காற்று கூரைக்குச் செங்குத்தாகத்தான் அழுத்தும். காலத்துக்கு லோக்கல் வேண்டாம், ஜிஎக்ஸ் கொடுங்கள். சாய்ந்த மெம்பரில் லோக்கல் ஒய் எப்போதும் மேல்நோக்கியே இருக்கும். செங்குத்தான மெம்பரிலோ அது நீங்கள் கீழிருந்து மேல் வரைந்தீர்களா, மேலிருந்து கீழா என்பதைப் பொறுத்துத் திரும்பிவிடும். நோடு வரிசைப்படி ஒரே மூச்சில் வரைந்திருந்தால் இடது காலம் மேல்நோக்கியும் வலது காலம் கீழ்நோக்கியும் இருக்கும். இரண்டின் லோக்கல் ஒய்யும் எதிரெதிர்.

இடது, வலது, ஒவ்வொன்றுக்கும் இரு உள்ளழுத்தம் என நான்கு கேஸ். நீளவாக்கில் மேலும் இரண்டு.

காம்பினேஷன்

1.5 டெட் + 1.5 லைவ், 1.2 டெட் + 1.2 லைவ் + 0.6 காற்று, அதுவே 1.2 காற்றுடனும், 1.5 டெட் + 1.5 காற்று, 0.9 டெட் + 1.5 காற்று. இவற்றுடன் சர்வீஸ் நிலைக்கு 1.0 டெட் + 1.0 லைவ், 1.0 டெட் + 1.0 காற்று, 1.0 டெட் + 0.8 லைவ் + 0.8 காற்று.

இவற்றை 'லோடு காம்பினேஷன்' என்று கொடுத்தால் தவறு. அது தனித்தனி கேஸ்களின் விடைகளைக் கூட்டுகிறது. நம் பிரேசிங் டென்ஷன் ஒன்லி. ஒரு கேஸில் தளர்ந்த மூலைவிட்டம் இன்னொரு கேஸில் இழுபடும், அந்த விடைகளைக் கூட்டினால் அர்த்தமில்லை. 'ரிப்பீட் லோடு' பயன்படுத்துங்கள். அது சுமைகளைச் சேர்த்துப் புதிதாகக் கணக்கிடும். பி–டெல்டா (நகர்வால் கூடும் மொமென்டையும் சேர்க்கும் கணக்கு) செய்தாலும் இதே விதி. காம்பினேஷன்களை மெனுவில் ஒவ்வொன்றாகத் தட்டுவதைவிட, கமாண்ட் எடிட்டரைத் திறந்து வரி வரியாக எழுதுவது வேகம். பிழையும் கண்ணில் படும்.

1.5 டெட் + 1.5 லைவ் கேஸில் பக்கவாட்டு விசை இல்லை. எனவே ஐஎஸ் 800 சொல்லும் நோஷனல் விசையை, அதாவது மேலிருந்து வரும் பெருக்கிய சுமையில் 0.5 சதவீதத்தை, ஈவ்ஸ் மட்டத்தில் சேருங்கள்.

விடையை நம்புவதற்கு முன்

அனாலிசிஸில் ஸ்டாடிக்ஸ் செக்கை இயக்குங்கள். லைவ் லோடின் மொத்தம் 0.75 × 15 × 30 = 337.5 கிலோநியூட்டன் வர வேண்டும். 405 வந்தால் கோடி ஃப்ரேம்களைப் பாதியாக்க மறந்துவிட்டீர்கள்.

உள் ஃப்ரேம் ஒன்றைப் பாருங்கள். லைவ் லோடுக்கு ஒவ்வோர் அடியிலும் செங்குத்து 33.75, கிடை சுமார் 11 கிலோநியூட்டன். ஈவ்ஸில் மொமென்ட் ஏறக்குறைய 65, ரிட்ஜில் 53 கிலோநியூட்டன்-மீட்டர். இவை இரு கீல் போர்ட்டலுக்கான கைக்கணக்கு விடைகள். ஸ்டாட் ஓரிரு சதவீதம் விலகலாம். ஈவ்ஸ் மொமென்ட் பூஜ்யம் என்றால் ராஃப்டரிலும் ரிலீஸ் விழுந்திருக்கிறது.

டிசைன் பாராமீட்டர்

கோடு: ஐஎஸ் 800 2007 எல்எஸ்டி (லிமிட் ஸ்டேட் டிசைன்). எல்லா மெம்பரும் பல மடங்கில் ஃபெயில் ஆனால் எஃப்ஒய்எல்டியை (ஸ்டீலின் யீல்டு ஸ்ட்ரெஸ்) பாருங்கள். அலகு கிலோநியூட்டன் – மீட்டரில் இருக்கும்போது 250 என்று அடித்திருப்பீர்கள். அங்கே 250000 வேண்டும்.

கேஇசட் (வலுவான அச்சில் பக்லிங் நீளக் கெழு): தானாக 1.0 இருக்கும். அடி பின், பக்கவாட்டில் சாயும் ஃப்ரேம் என்றால் காலத்துக்கு இது 2.0க்குக் குறையவே குறையாது. அனெக்ஸ் டி வரைபடத்தில் பார்த்தால் இன்னும் கூடும். இதை மாற்றாமல் கிடைக்கும் 'பாஸ்' செல்லாது.

எல்ஒய் (பலவீன அச்சில் பக்லிங் நீளம்): ஐஎஸ்எம்பி 450இன் பலவீன அச்சு ஆர் (ரேடியஸ் ஆஃப் கைரேஷன்) 30.1 மி.மீ. தான். 6 மீட்டர் காலத்துக்கு 6000 / 30.1 = 199; வரம்பு 180. ஸ்ட்ரெஸ் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஃபெயில் என்று வரும். பலர் இங்கே செக்‌ஷனை ஏற்றுவார்கள். அதைவிட மலிவு, 3 மீட்டர் உயரத்தில் நீளவாக்கில் ஒரு டை குழாய். மாடலுக்குத் திரும்பிப் போய் காலங்களில் நோடு சேர்த்து, குழாய் வரைந்து, சுவர் பிரேசிங்கையும் இரண்டு அடுக்காக்கிவிட்டு, எல்ஒய்க்கு 3 கொடுங்கள். குழாய் போடாமல் எண்ணை மட்டும் 3 ஆக்குவது பொய்க் கணக்கு.

இப்போது காலம் இரண்டு துண்டாகிவிட்டதால் எல்இசட்டுக்கு (வலுவான அச்சில் பக்லிங் நீளம்) 6 என்று கையால் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் துண்டின் நீளமான 3 மீட்டரை எடுத்துக்கொள்ளும்.

எல்எக்ஸ் (பீம் பக்கவாட்டில் முறுக்கிப் புரளும் பக்லிங்குக்கான நீளம்): ராஃப்டரின் மேல் ஃப்ளாஞ்சை 1.5 மீட்டருக்கு ஒரு பர்லின் பிடித்திருக்கிறது. ஆனால் காற்று தூக்கும்போது நடுப்பகுதியில் அழுத்தம் கீழ் ஃப்ளாஞ்சுக்கு மாறுகிறது. அதைப் பர்லின் பிடிக்காது. ஒன்றுவிட்டு ஒரு பர்லினில் ஃப்ளை பிரேஸ் (கீழ் ஃப்ளாஞ்சைப் பர்லினோடு கட்டும் சாய்ந்த துண்டு) கொடுத்து எல்எக்ஸுக்கு 3 வையுங்கள். ஃப்ளை பிரேஸ் கட்டாயம் டிராயிங்கில் வர வேண்டும்.

சாய்வு: சர்வீஸ் காற்றில் ஈவ்ஸ் நகர்வு உயரம்/150, அதாவது 40 மி.மீ.; ஷீட் கூரை ராஃப்டருக்குத் தாழ்வு அகலம்/180, 83 மி.மீ. டிஎஃப்எஃப் (தாழ்வு வரம்பு) பாராமீட்டர் ரிட்ஜ் தாழ்வைக் காட்டாது. அது மெம்பரின் இரு முனைக் கோட்டிலிருந்து அளப்பது. நோடு டிஸ்ப்ளேஸ்மென்டில் நேராகப் பாருங்கள்.

ஃபவுண்டேஷனுக்குத் தரும் தாள்

மண் தாங்குதிறன் கணக்குக்குச் சர்வீஸ் ரியாக்‌ஷன். கான்கிரீட்டுக்கும் ஆங்கர் போல்ட்டுக்கும் பெருக்கிய ரியாக்‌ஷன். இரண்டையும் தனித்தனி அட்டவணையாகக் கொடுங்கள்.

ஆங்கர் போல்ட்டுக்கு 0.9 டெட் + 1.5 காற்று. ஒரு உள் ஃப்ரேமின் கூரையை காற்று 169 கிலோநியூட்டன் அளவு தூக்குகிறது. ராஃப்டரோடு சேர்த்துக் கூரையின் எடையோ 24 தான். பெருக்கிகளுக்குப் பிறகு சுமார் 230 கிலோநியூட்டன் மேல்நோக்கி, இரண்டு அடிகளுக்கும் சேர்த்து. காற்று வரும் பக்க அடியில் பங்கு கூடுதல். பிரேசிங் உள்ள பேக்கின் காலங்களை, நீளவாக்கில் காற்று வீசும் கேஸுக்குத் தனியாகப் பாருங்கள், அங்கே மூலைவிட்டத்தின் இழுவையும் அதே போல்ட்டுகளில் வந்து சேரும்.