பேஸ் கிட்டார் தனி வாசிப்பில் ஹார்மோனிக்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹார்மோனிக்ஸ் என்பவை தந்தியின் குறிப்பிட்ட சில புள்ளிகளில் விரலை லேசாகத் தொட்டு மீட்டினால் எழும் மெல்லிய மேல் சுரங்கள். அவற்றுக்குத் தந்தியை அழுத்தாமல் தொட வேண்டும், ஒலி எழுந்தவுடன் விரலை விலக்கிவிட வேண்டும் என்பவற்றை எந்த ஆசிரியரும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்; அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1976-இல் வெளியிட்ட தம் முதல் தொகுப்பில், ஹார்மோனிக்ஸை முன்னிறுத்தியே ஒரு முழுத் தனி உருப்படியை வாசித்துக் காட்டியதிலிருந்து, பேஸைக் கையில் எடுப்பவர்களுக்கு அந்த ஒலியின் மீது ஒரு மோகம் உண்டு. அந்த மோகத்தில் நாங்கள் அன்று செய்த பிழைகளையே இன்று தொடங்குபவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

நான்காம் ஃப்ரெட் காந்தாரத்தை, தந்தியை முறுக்கிச் சரிசெய்ய முயல்வது

12-ஆம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) கிடைப்பது மேல் ஸ்தாயி; 7-இல் அதற்கும் மேலுள்ள பஞ்சமம்; 5-இல் இரண்டு ஸ்தாயி மேல். இம்மூன்றும் கீபோர்டோடு இணங்கிப்போகும். பஞ்சமத்தில் இருக்கும் 2 சென்ட் (கீபோர்டின் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான தூரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வேறுபாடு யாருக்கும் உறுத்தாது. 4-ஆம் ஃப்ரெட்டை ஒட்டிக் கிடைக்கும் காந்தாரம் அப்படிப்பட்டதன்று. அது தந்தியின் ஐந்தாவது ஹார்மோனிக்; கீபோர்டின் காந்தாரத்தைவிட 14 சென்ட் தாழ்ந்தே ஒலிக்கும். ஜி தந்தியின் அதிர்வெண் 98 ஹெர்ட்ஸ் என்றால், அதன் ஐந்து மடங்கு 490. கீபோர்டின் பி சுரமோ ஏறத்தாழ 493.9. இரண்டும் சேர்ந்தால் வினாடிக்கு நான்கு முறை ஒலி ஏறி இறங்கித் துடிக்கும். இதில் கிட்டாரின் குற்றம் எதுவும் இல்லை. தம்பூராவை மீட்டும்போது தானாக எழுகிற அந்தர காந்தாரமும் இதே இயற்கைச் சுரம்தான்.

ஓர் ஒலிப்பதிவில், பின்னணியில் கீபோர்டு ஜி மேஜர் கார்டை நீட்டிப் பிடித்திருக்க, முன்னால் வாசித்த இளைஞருக்கு இந்தத் துடிப்பு கேட்டுவிட்டது. நல்ல காது. ஆனால் அவர் செய்தது, அந்த பி சுரம் கீபோர்டோடு ஒட்டும்வரை ஜி தந்தியை முறுக்கியதுதான். அதன்பின் அத்தந்தியில் ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்த ஒவ்வொரு சுரமும் 14 சென்ட் ஏறிப்போனது. மெட்டு முழுவதும் அந்தத் தந்தியில் இருந்ததால், அன்றைய பதிவு அனைத்தையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. அதைவிட எரிச்சலூட்டுவது, பிறகு யாரோ சொன்னதைக் கேட்டுப் புதுத் தந்தி வாங்கி, தந்தியின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் சேடிலை நகர்த்தவும் அவர் காசு கொடுத்ததுதான். சேடிலை எங்கே நகர்த்தினாலும் ஐந்து மடங்கு ஐந்து மடங்காகவே இருக்கும் என்பதை, பணம் வாங்கியவராவது சொல்லியிருக்கலாம்.

செய்ய வேண்டியது வேறு. காந்தாரத்தை ஹார்மோனிக்குக்கே விட்டுவிட்டு, இடக்கையில் ஆதார சுரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உடன் வாசிப்பவரையும் அந்தச் சுரத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அது முடியாதபோது, அதே பி சுரத்தை ஒரு ஸ்தாயி கீழே, ஈ தந்தியின் ஆறாவது ஹார்மோனிக்காக எடுக்கலாம். அங்கே வேறுபாடு கால் ஹெர்ட்ஸ் அளவுதான். சுட்டுவிரலால் ஒரு சுரத்தை அழுத்தி, நான்கு ஃப்ரெட் மேலே சுண்டுவிரலால் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக் என்றால், அழுத்திய விரல் தந்தியைப் பக்கவாட்டில் சற்றே தள்ளினால் போதும், சுரம் ஏறிவிடும். ஃப்ரெட் கம்பியே இல்லாத ஃப்ரெட்லெஸ் பேஸில் விரலைப் பிரிட்ஜை நோக்கிச் சில மில்லிமீட்டர் நகர்த்தினாலே போதும்.

ஃப்ரெட் கம்பியை அப்படியே நம்புவது

5, 7, 12 ஆகியவற்றில் நம்பலாம். 34 அங்குல பேஸில் ஐந்தாவது ஹார்மோனிக்கின் உண்மையான புள்ளி, 4-ஆம் ஃப்ரெட் கம்பியிலிருந்து நட் (கழுத்தின் தலைமுனையில் தந்திகளைத் தாங்கும் பட்டை) பக்கமாக ஐந்தரை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆறாவது ஹார்மோனிக்கோ 3-ஆம் ஃப்ரெட்டைத் தாண்டி, பிரிட்ஜ் பக்கமாக ஆறரை மில்லிமீட்டரில் இருக்கிறது.

ஒற்றை விரலால் ஒலியை அணைப்பது

ஹார்மோனிக்கைப் பிடித்திருக்கும் விரல் என்று எதுவும் இல்லாததால், அது அடுத்த கார்டுக்குள்ளும் ஒலித்துக்கொண்டே இருக்கும். அவசரத்தில் ஒரு விரலால் தொட்டு நிறுத்தப் போனால், அந்த விரல் தற்செயலாக இன்னொரு புள்ளியில் பட்டு, நிற்பதற்குப் பதிலாக வேறொரு சுரம் கீச்சிடும். இரண்டு மூன்று விரல்களைப் படுக்கையாக வையுங்கள், அல்லது வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பயன்படுத்துங்கள்.

கழுத்துப் பக்கப் பிக்கப்பை மட்டும் திறந்திருப்பது

தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்புகளில், பிரிட்ஜ் பிக்கப்பைத் திறங்கள்; பிரிட்ஜுக்கு அருகிலேயே மீட்டுங்கள்.

பழைய தந்தி

மாற்றுங்கள்.

ஈ-ஃப்ளாட் மேஜரில் இறங்குவது

ஈ, ஏ, டி, ஜி தந்திகளின் எளிய ஹார்மோனிக்ஸில் பி-ஃப்ளாட்டும் இல்லை, ஈ-ஃப்ளாட்டும் இல்லை. ஏழாவது ஹார்மோனிக்கில் எஃப், சி கிடைக்கும் என்றாலும், அவை 31 சென்ட் தாழ்ந்தவை. பேஸ் கலைஞர் மைக்கேல் மான்ரிங் இதைத் தந்திகளின் சுருதியையே மாற்றிச் சமாளிக்கிறார்; அவர் வாசிக்கும் ஸான் ஹைப்பர்பேஸில், வாசிப்பின் நடுவிலேயே சுருதியை மாற்ற நெம்புகோல்கள் உண்டு. அந்த வசதி இல்லாதவர்கள் உருப்படியை டி மேஜருக்கோ ஜி மேஜருக்கோ மாற்றிக்கொள்வதே நல்லது.