சீன வரலாற்றுப் படங்களை ப்ளூ-ரேயில் வாங்கும் முன்

ஹாங்காங் கடைகளில் பிரம்மாண்ட சீனப் படங்களின் ப்ளூ-ரே விலையைப் பார்த்ததும் கை பரபரக்கும். பணம் கட்டுவதற்கு முன்னால் உறையின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஏ, பி, சி என ஓர் எழுத்து இருக்கும்; எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் அந்த டிஸ்க் ஓடும் என்பதற்கான குறி அது. ஹாங்காங், தைவான், அமெரிக்கா எல்லாம் ஏ. இந்தியாவும் இலங்கையும் சி. இங்கே வாங்கிய சாதாரண பிளேயரில் ஏ மட்டும் போட்ட டிஸ்க் ஓடாது. மூன்றும் ஓடும் பிளேயர் வேண்டும். இன்னும் துல்லியமான படம் தரும் 4கே டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதற்கு 4கே பிளேயர் கட்டாயம்.

சீனப் பெருநிலமும் நம்மைப் போல சி தான். சந்தோஷப்பட வேண்டாம், அங்கே வரும் டிஸ்க்குகள் பலவற்றில் ஆங்கில சப்டைட்டில் இருக்காது. ஹாங்காங் பதிப்புகளில் பொதுவாக இருக்கும். அங்கேயும் ஆடியோவைக் கவனியுங்கள்: சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் எடுத்த படத்துக்கு, ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் டப்பிங்கும் சேர்த்திருப்பார்கள். மெனுவில் மாண்டரினைத் தேர்ந்தெடுத்தால் நடிகர்களின் உதட்டசைவோடு ஒட்டும்.

அப்புறம், ஓடும் நேரம். இயக்குநர் ஜான் வூவின் 'ரெட் கிளிஃப்' என்ற போர்ப் படம் ஆசியாவில் 2008, 2009 என இரண்டு பாகமாக வந்தது, மொத்தம் நாலரை மணி நேரத்துக்கு மேல். மேற்கு நாடுகளுக்கு அதையே சுமார் இரண்டரை மணி நேரமாக வெட்டி ஒரே படமாக்கினார்கள். போருக்கு முன் நடக்கும் சூழ்ச்சிகள்தான் அந்தப் படத்தின் ருசி, வெட்டில் அடிபட்டதில் பெரும்பங்கு அதுதான். இரண்டு பாகமும் உள்ள பெட்டியையே வாங்குங்கள். சுங்கவரி தனியாக வரலாம், அதையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.