ஹீரோஸ் சீரியல்ல ஐசக் வரைஞ்ச படங்களை வெச்சு தியரி போடறப்போ நாம பண்ற தப்புகள்

டைனோசர்ல இருந்தே ஆரம்பிச்சுடறேன், ஏன்னா அதுல அசிங்கப்பட்டவன் நான். ஹீரோஸ் முதல் சீசன்ல ஐசக் மெண்டஸ் ஒரு படம் வரைவான், அதுல ஹிரோ நகாமுரா கையில கத்தியோட நிக்கறான், எதிர்ல வாயைப் பொளந்துகிட்டு ஒரு டி-ரெக்ஸ். ஹிரோதான் காலத்துல முன்னபின்ன போறவனாச்சே, அப்போ கண்டிப்பா கோடிக்கணக்கான வருஷம் பின்னாடி போய் டைனோசரோட சண்டை போடப்போறான்னு ஹாஸ்டல்ல அரை மணி நேரம் லெக்சர் அடிச்சேன், அது பத்தாதுன்னு பரோட்டா பந்தயம் வேற. 12வது எபிசோட்ல பாத்தா அது நியூயார்க் மியூசியத்துல நிக்கற டைனோசர், ஹிரோ அங்க ஒரு பழைய சாமுராய் கத்தியைத் தேடிப் போயிருக்கான், அவ்ளோதான் மேட்டர். அந்தக் கத்தியும் டூப்ளிகேட், ஒரிஜினல் லிண்டர்மேன்ங்கற பணக்கார தாதா கிட்ட இருக்குன்னு அப்புறம்தான் தெரியுது. ஆனா படம் என்னவோ வரைஞ்ச மாதிரியே நடந்துடுச்சு. படம் பொய் சொல்லல, நான் அதுக்குக் கீழ எழுதிக்கிட்ட கேப்ஷன்தான் பொய்.

பாக்காதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். டிம் கிரிங் உருவாக்கின சீரியல், அமெரிக்கால என்பிசி சேனல்ல 2006 செப்டம்பர் 25 ஆரம்பிச்சு 2010 பிப்ரவரி வரைக்கும் 4 சீசன் ஓடுச்சு. சாதாரண ஆளுங்களுக்கு திடீர்னு பவர் வருது, அதுல ஐசக் நியூயார்க்ல இருக்கற ஒரு ஓவியன், சாண்டியாகோ கப்ரேரா நடிச்சது, போதை ஏத்திக்கிட்டா கண்ணு வெள்ளையாகி எதிர்காலத்தை வரைவான், அப்புறம்தான் போதை இல்லாமலே வரையலாம்னு தெரிஞ்சிக்கறான். முதல் எபிசோட்லயே அவன் வீட்டுத் தரை முழுக்க நியூயார்க் வெடிச்சு எரியற படம். அது போதாதா, உலகம் பூரா ரசிகர்கள் வாரத்துக்கு ஒரு படத்தை பாஸ் பண்ணி பாஸ் பண்ணி மண்டையை ஒடைச்சிக்கிட்டாங்க. இதுக்கு மேல எல்லாமே ஸ்பாய்லர்தான், இன்னும் பாக்கலன்னா இங்கயே நிறுத்திக்கோங்க.

எல்லாரும் பண்ற பெரிய தப்பு, ஒரு செகண்டை முடிவுன்னு நெனைக்கறது. ஓவியம்னா ஒரே ஒரு நொடிதான, அதுக்கு அடுத்த நொடி என்ன ஆச்சுன்னு அதுல இருக்காது. பவர் வந்தவங்கள்ல இன்னொருத்தன் பீட்டர், அவன் ரத்த வெள்ளத்துல கெடக்கற மாதிரி ஒரு படம் வந்துச்சு, உடனே பீட்டர் சாகப்போறான்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க, பீட்டரே அப்படித்தான் நெனச்சான். 9வது எபிசோட்ல டெக்சாஸ் ஒடெசால ஸ்கூல் ஸ்டேடியத்துல, பவர் இருக்கறவங்களைக் கொன்னு அதைத் திருடற வில்லன் சைலரோட கட்டிப் புரண்டு மேல இருந்து விழுந்தான், படத்துல இருந்த மாதிரியே கெடந்தான், ஆனா அந்த ஸ்கூல்ல சியர்லீடரா, அதாவது மேட்ச்ல ஆடிக் கூட்டத்தை உற்சாகப்படுத்தறவளா இருக்கற க்ளேர் பக்கத்துல இருந்ததால அவளோட காயம் ஆறுற பவர் இவனுக்கும் ஒட்டிக்கிச்சு, எலும்பை மடக்கி எந்திரிச்சு உக்காந்துட்டான். சரி, ஒரு தடவை ஏமாந்தோம், அடுத்த தடவையாவது உஷாரா இருப்போம்னு பாத்தா இல்லியே. ரெண்டாவது சீசன்ல ஐசக் சாகறதுக்கு முன்னாடி வரைஞ்ச 8 படம் வெளிய வருது, அதுல ஒண்ணுல க்ளேரோட வளர்ப்பு அப்பா நோவா பென்னட் கண்ணாடி ஒடைஞ்சு கண்ணுல குண்டு பட்டு செத்துக் கெடக்கறார், பின்னாடி க்ளேர் யாரையோ கட்டிப்பிடிச்சிகிட்டு நிக்கறா. மறுபடியும் அதே அழுகை, அதே ஒப்பாரி. 9வது எபிசோட்ல, இந்தப் பவர்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ற மோகிந்தர் சுட்டார், குண்டு கண்ணாடியைத் தொளைச்சுகிட்டு கண்ணுல போச்சு, மனுஷன் நிஜமாவே செத்தார், அப்புறம் க்ளேரோட ரத்தத்தை ஏத்தி எழுப்பிட்டாங்க. படம் நூத்துக்கு நூறு கரெக்ட். செத்தது உண்மை, செத்தே இருக்கணும்னு படம் எங்கயும் சொல்லல.

சைலர் விஷயத்துல இது உல்டாவா நடந்துச்சு. ஐசக் காமிக்ஸும் வரைவான், அவனோட கடைசி காமிக்ஸ் பக்கங்கள்ல ஹிரோ கத்தியால சைலரைக் குத்தற மாதிரி இருக்கும், 2007 மே 21 வந்த ஃபினாலேல கிர்பி பிளாசால அதே மாதிரி ஓடி வந்து குத்தறான், எல்லாரும் கைதட்டி சைலர் கதை முடிஞ்சுதுன்னு எழுந்து போயிட்டாங்க. அப்புறம் பாத்தா ஆளைக் காணோம், ரத்தக்கறை மட்டும் இழுத்துகிட்டு போய் சாக்கடை மூடி கிட்ட நிக்குது. காமிக்ஸ்ல வரைஞ்சிருந்தது குத்தறதை மட்டும்தான் சாமி.

அடுத்தது, முகம் தெரியாத ஆளுக்குப் பேர் வெக்கறது. "சேவ் த சியர்லீடர், சேவ் த வேர்ல்ட்"னு எதிர்கால ஹிரோ சப்வே ட்ரெயின்ல வந்து சொல்லிட்டுப் போவானே, அதுக்கேத்த மாதிரி ஐசக்கும் வரிசையா சியர்லீடர் படமா வரைஞ்சு தள்ளுவான், ஆபத்து க்ளேருக்குத்தான்னு நாம ஃபிக்ஸ் பண்ணிட்டோம். ஆனா அந்த ஸ்கூல்ல அதே யூனிஃபார்ம் போட்டவ க்ளேர் ஒருத்திதானா? எரியற இடத்துல போய் ஆளைக் காப்பாத்தினது க்ளேர், பேர் வாங்கிக்கிட்டது கூட இருந்த இன்னொரு சியர்லீடர் ஜாக்கி, அதனால சைலர் தேடி வந்து மண்டையை அறுத்தது ஜாக்கியோடதை. யூனிஃபார்மை வெச்சு ஆளைச் சொல்லக் கூடாதுன்னு அன்னிக்கே புரிஞ்சிருக்கணும். அதே மாதிரிதான் பறக்கற படம், பீட்டர் அதைப் பாத்துட்டு என் பவர் பறக்கறதுன்னு மாடியில இருந்து குதிச்சான். பறக்கறது அண்ணன் நேதனோட பவர், பீட்டரோடது பக்கத்துல இருக்கறவன் பவரை வாங்கிக்கறது. பறந்தது நெசம், யாரால பறந்தான்ங்கறதுலதான் கோட்டை விட்டோம்.

நியூயார்க்கை அழிக்கப்போற குண்டு ஒரு ஆள்தான்னு தெரிஞ்சதும், அந்த வெடிக்கற ஆள் யாருங்கற சண்டை இருக்கே, அது மட்டும் ஒரு சீசன் முழுக்க ஓடுச்சு. முதல்ல கதிரியக்கம் கக்கற டெட் ஸ்ப்ரேக்னு எல்லாரும் சொன்னோம், அப்புறம் பீட்டருக்கு தானே வெடிக்கற மாதிரி கனவு வந்துச்சு, அப்புறம் டெட்டோட பவரை சைலர் எடுத்துக்கிட்டதும் எல்லாரும் சைலர் பக்கம் சாஞ்சோம். இதுல காமெடி என்னன்னா சைலரே ஏமாந்தான். ஐசக்கைக் கொன்னு அவனோட வரையற பவரை எடுத்துக்கிட்டதும் வெடிக்கப்போறது நான்தான்னு நம்பிட்டான், இவ்ளோ பேரைக் கொல்லணுமான்னு மோகிந்தருக்குப் போன் போட்டுப் புலம்பினான், கடைசில அம்மா வீட்டுத் தரையில அம்மாவோட ரத்தத்தை வெச்சே அந்த வெடிப்பை வரைஞ்சான். படத்தை வரைஞ்சவனே தப்பா படிக்கறான்னா நாம எந்த மூலை? வெடிச்சது பீட்டர்தான், ஆனா ஊர் நடுவுல இல்ல, நேதன் அவனைத் தூக்கிகிட்டு வானத்துக்குப் போயிட்டான். கிளி ஜோசியத்துல சீட்டுல படம் மட்டும்தான் இருக்கும், கிளி எடுத்துப் போட்டுட்டு கூண்டுக்குள்ள போயிடும், பலன் சொல்றது ஜோசியக்காரர். ஐசக் கிளி. மிச்ச எல்லாரும், நம்மளையும் சேத்து, ஜோசியக்காரங்க.

தேதி கணக்குலயும் நெறைய பேர் சொதப்பினாங்க. கதைல ஹிரோ 2006 அக்டோபர் 2ல இருந்து நவம்பர் 8க்குத் தாவறான், அங்க ஐசக் செத்துக் கெடக்கறதைப் பாக்கறான், குண்டும் வெடிக்குது. டிவில அது 2வது எபிசோட். நாம அந்த நவம்பர் 8க்கு வந்து சேந்தது 2007 மே மாசம், நடுவுல நமக்கு எட்டு மாசம், அவங்களுக்கு அஞ்சே வாரம். டிவி தேதியை கதைத் தேதியா வெச்சு கணக்குப் போட்டா ஒரு படம் கூட வரிசைல உக்காராது. ஐசக் பொழைச்சிக்குவான்னு நம்பினவங்களுக்கும் இதேதான், 2வது எபிசோட்லயே பொணத்தைக் காட்டிட்டாங்க, சைலர் வந்து கொல்றது 19வது எபிசோட்ல, நடுவுல அவன் போதையை விட்டுத் திருந்தினதைப் பாத்து நாம மறந்துட்டோம்.

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச தப்புக்கு வரேன், கலரை வெச்சு தியரி போடறது. சிவப்பு அதிகமா இருந்தா சாவு, மஞ்சள்னா காப்பாத்தப்படுவாங்க, நீலம்னா இறந்தகாலம்னு ஒரு குரூப் சீரியஸா லிஸ்ட் போட்டுச்சு, நானும் அதுல ரெண்டு லைன் சேத்தேன். அந்தப் படங்களை நிஜத்துல வரைஞ்சது டிம் சேல்ங்கற காமிக்ஸ் ஆர்டிஸ்ட், 2022ல இறந்துட்டார், பெரிய கை. அவருக்கு கலர் பிளைண்ட்னெஸ். அவர் கறுப்பு வெள்ளைல நிழலும் வெளிச்சமுமா வரைவார், கலர் வேற ஆள் போடுவாங்க. அப்போ அந்தப் படத்துல எதைப் பாக்கணும்? நிழலைப் பாக்கணும், எதை இருட்டுல மறைச்சிருக்கார், யாரோட முகத்தைத் திருப்பி வெச்சிருக்கார்னு பாக்கணும், காமிக்ஸ்காரங்க சஸ்பென்ஸ் வெக்கற இடமே அதான். சீரியல்ல ஜப்பானீஸ் டயலாக்குக்கு வர்ற சப்டைட்டில் எழுத்து இருக்கே, அது கூட அவர் கையெழுத்துல இருந்து பண்ண ஃபான்ட். அதனால சப்டைட்டில் எழுத்தும் ஐசக் காமிக்ஸ் எழுத்தும் ஒரே மாதிரி இருக்கு, ஆகவே மொத்தக் கதையும் ஐசக் எழுதினதுன்னு ஒருத்தர் சொன்னா நம்பாதீங்க, ரெண்டுக்கும் பின்னாடி இருந்தது ஒரே மனுஷன், அவ்ளோதான். ஆனா தியரியா அது அழகாதான் இருக்கு, ஒத்துக்கறேன்.

இதே வகைல நம்ம ஊர் சம்பந்தப்பட்ட ஒண்ணு. மோகிந்தர் சுரேஷ் கதைப்படி மெட்ராஸ்ல வாத்தியாரா இருக்கறவர், முதல் எபிசோட்ல ஸ்க்ரீன்லயே மெட்ராஸ்னுதான் போடுவாங்க, பேரு சென்னைன்னு மாறினது 1996ல, சீரியல் வந்தது 2006ல. என் ரூம்மேட் இதைப் பிடிச்சிகிட்டு இது வேற டைம்லைன், அதுக்கான க்ளூ இது, ஐசக் படங்கள் அந்த டைம்லைன்ல இருந்து வருதுன்னு சாதிச்சான். டேய், சுரேஷ்னு குடும்பப் பேரு, மெட்ராஸ்னு ஊரு, ஆனா மோகிந்தர்னு பஞ்சாபி பேரு வெச்சிருக்காங்க, அவங்களுக்கு இந்தியா அவ்ளோதான் தெரியும்னு சொன்னேன், கேக்கல. நடிச்ச செந்தில் ராமமூர்த்தி சிகாகோல பொறந்தவர். ரைட்டர் ரூம்ல யாரும் செக் பண்ணாம விட்டதை எல்லாம் தீர்க்கதரிசனம்னு எடுத்துக்கிட்டா அப்புறம் எதுக்கும் முடிவே இல்ல.

ரைட்டர் ரூம்னு சொன்னதும் இதைச் சொல்லியே ஆகணும். படத்துக்கான விடை எழுதினவங்க கையில ஏற்கனவே ரெடியா இருக்குன்னு நம்பறதுதான் ரசிகர்களோட ஆதாரத் தப்பு. முதல் சீசன் 23 எபிசோட், அதுல பெருசா வெச்ச படங்களுக்கெல்லாம் ஓரளவு கணக்கு முடிச்சாங்க. ரெண்டாவது சீசன் ஓடிக்கிட்டிருக்கறப்போ 2007 நவம்பர் 5ல அமெரிக்க எழுத்தாளர் சங்கம் ஸ்டிரைக்ல எறங்கிடுச்சு, 2008 பிப்ரவரி வரைக்கும் போச்சு, சீசன் 11 எபிசோட்லயே முடிஞ்சுது. வைரஸ் பரவி ஊரே காலியாகற மாதிரி ஒரு கதையை ப்ளான் பண்ணி வெச்சிருந்தாங்க, அதுக்கான பாட்டில் கடைசி எபிசோட்ல கீழ விழுந்து ஒடையணும், ஸ்டிரைக் வந்ததால முடிவை மாத்தி பீட்டர் கேட்ச் புடிச்சுட்டான்னு முடிச்சாங்க. யோசிச்சுப் பாருங்க, அந்த 8 படத்தையும் வைரஸ் கதையையும் கோத்து ராத்திரி பகலா தியரி எழுதினவங்க பாவம் இல்லியா, அவங்க லாஜிக்ல எந்தக் குறையும் இல்ல, சம்பளத் தகராறுல கதையே வேற ரூட்ல போயிடுச்சு. அதனால ஒரு படம் அந்தரத்துல தொங்குதுன்னா அதுக்கு ரகசிய அர்த்தம் தேடறதுக்கு முன்னாடி அந்த வருஷம் செட்ல என்ன நடந்துச்சுன்னு ஒரு எட்டு பாத்துடுங்க.

சின்னதா இன்னொண்ணு, எல்லாருடைய பவரையும் ஒரே ரூல்ல அடைக்காதீங்க. மூணாவது சீசன்ல ஆப்பிரிக்கால உசுட்டுங்கறவர் எதிர்காலத்தைப் பாறைல வரைவார், பீட்டரோட அம்மா ஆஞ்சலா பெட்ரெல்லிக்கு அது கனவுல வரும். ஐசக் படம் மாறலாம்னா ஆஞ்சலா கனவும் மாறணும்னு வாதம் பண்றது வீண், ஆளுக்கு ஆள் எழுத்தாளருங்க வேற வேற மாதிரிதான் வெச்சிருந்தாங்க, சில சமயம் அவங்களே மறந்துட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

முதல் சீசனை இப்ப மறுபடி பாக்கப் போறீங்கன்னா ஒரு வேலை பண்ணுங்க. ஐசக் படம் வர்ற ஒவ்வொரு தடவையும் பாஸ் பண்ணி என்ன தெரியுதோ அதை மட்டும் எழுதுங்க. "ஹிரோ, கத்தி, டைனோசர்". நிறுத்திக்கோங்க. சண்டை, காலப்பயணம், ஜுராசிக்னு நாலாவது வார்த்தையை எழுதக் கை வரும், அடக்கிக்கோங்க. எனக்கு அந்த நாலாவது வார்த்தைக்கு மொத்தம் ஆறு பரோட்டா போச்சு, சால்னா தனி.