ரேடியோ இணைப்பில் பிழைதிருத்தம்: ஹேமிங் 8,4 கோடும் இன்டர்லீவிங்கும்

வேகம் குறைந்த ரேடியோ மாட்யூலில் பாக்கெட் தொலையத் தொடங்கினால், கோட் எழுதுமுன் பிழையை அளந்து பாருங்கள். இரு பக்கமும் அறிந்த ஒரே பிட் வரிசையைச் சில ஆயிரம் முறை அனுப்பி, வந்ததை அசலோடு எக்ஸார் (இரு பிட்டும் ஒன்றானால் 0, வேறானால் 1) செய்தால் தவறிய இடங்களில் 1 நிற்கும். ரிசீவர் சிப்பில் உள்ள சிஆர்சி (தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) வடிகட்டலை முதலில் அணையுங்கள். அது இயங்கினால் கெட்ட பாக்கெட்டைச் சிப்பே தூக்கி எறிந்துவிடும். திருத்த உங்களிடம் எதுவும் வந்து சேராது.

8 பைட் பாக்கெட்டில் ஆயிரம் பிட்டுக்கு ஒன்று வீதம் தவறினால் சுமார் 6 சதவீதம் கெடும். பதில் சிக்னல் வரும் இணைப்பில் அவற்றை மறுபடி அனுப்புவதே சிக்கனம். நூற்றுக்கு ஒன்று தவறினால் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். அங்கே ஹேமிங் 8,4 கோட் (4 பிட் தரவை 8 பிட்டாக்கி, அதில் ஒரு பிட் பிழையைத் திருத்துவது) நீளத்தை இரட்டிப்பாக்கினாலும் இழப்பைச் சுமார் 4 சதவீதத்துக்குக் கொண்டுவரும்.

6 பைட் தரவுக்கு 16 பிட் சிஆர்சி கணக்கிட்டுக் கடைசியில் சேருங்கள். வரும் 8 பைட்டை நான்கு நான்கு பிட்டாகப் பிரித்தால் 16 துண்டுகள். ஒவ்வொன்றின் பிட்டுகளையும் 3, 5, 6, 7 ஆம் இடங்களில் வையுங்கள். 1 ஆம் இடம் = 3, 5, 7 இன் எக்ஸார்; 2 ஆம் இடம் = 3, 6, 7; 4 ஆம் இடம் = 5, 6, 7. இந்த ஏழின் மொத்தப் பாரிட்டி (1களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் 1, இல்லையேல் 0) எட்டாவது பிட். 1011 என்பது 0110011 ஆகும், எட்டாவது 0.

ரிசீவரில் இதே மூன்று எக்ஸார்களையும் அந்தந்தப் பாரிட்டி பிட்டையும் (1, 2, 4 ஆம் இடம்) சேர்த்தே சோதியுங்கள்; விடை 1 ஆனால் அந்தச் சோதனை தோற்றது. 5 ஆம் இடம் புரண்டு 0110111 என வந்தால் 1 இன் சோதனையும் 4 இன் சோதனையும் தோற்கும்; 1+4=5, அந்தப் பிட்டைப் புரட்டினால் போதும். சோதனை தோற்றும் எட்டு பிட்டின் மொத்தப் பாரிட்டி சரியாக (0 ஆக) இருந்தால் இரண்டு பிழைகள் உள்ளன. அப்போது கை வைக்காதீர்கள், நல்ல பிட்டும் கெடும்.

குறுக்கீடு பெரும்பாலும் அடுத்தடுத்த பிட்டுகளை ஒன்றாகவே அடிக்கும். அப்படி வரும்போது இந்தக் கோட் தனியாக நிற்காது. 16 துண்டுகளையும் 16 வரிசை, 8 நிரல் கொண்ட கட்டத்தில் வரிசைக்கு ஒரு துண்டாக எழுதி, நிரல் நிரலாக அனுப்புங்கள்; இதுதான் இன்டர்லீவிங். தொடர்ந்து 16 பிட் அழிந்தாலும் ஒரு துண்டுக்கு ஒரு பிழைதான் விழும். 2400 பிட் வேகத்தில் அது சுமார் 6.7 மில்லிசெகண்ட் இரைச்சல். பிழைகள் கொத்தாக வரும் இணைப்பில், இன்னும் வலுவான கோட் தேடுவதைவிட இந்தக் கட்டமே அதிகம் காப்பாற்றும்.

தரவும் சிஆர்சியும் முழுதும் பூஜ்யமானால் கோட் செய்ததும் முழுப் பூஜ்யமே. பிட் மாற்றமே இல்லாததால் ரிசீவரின் கடிகாரம் நழுவும். கட்டத்திலிருந்து எடுத்ததை நிலையான போலி-ரேண்டம் வரிசையோடு எக்ஸார் செய்து அனுப்புங்கள்.

பாக்கெட் நீளத்தை நிலையாக வையுங்கள், நீள பைட் கெட்டால் கட்டமே குலையும். சிங்க் சொல்லுக்கு (பாக்கெட்டின் தொடக்கத்தைக் காட்டும் பிட் வரிசை) கோட் பாதுகாப்பு கிடையாது. 32 பிட் சிங்க்கில் 2 பிட் வேறுபாட்டை அனுமதியுங்கள். எல்லாம் முடிந்தபின் சிஆர்சி பொருந்தாவிட்டால் பாக்கெட்டை விட்டுவிடுங்கள்: மூன்று பிட் புரண்ட துண்டை ஹேமிங் ஒற்றைப் பிழை என நம்பித் தவறாகத் திருத்தியிருக்கும்.