எனர்ஜி மீட்டர் பதில் சொல்லவில்லையா? முதலில் விளக்குகளைப் பாருங்கள்

பேனலில் இருக்கும் எனர்ஜி மீட்டரின் ரீடிங்கை லேப்டாப்பில் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு யுஎஸ்பி ஆர்எஸ்-485 கன்வர்ட்டர் (மீட்டரின் இரண்டு ஒயர் லைனை லேப்டாப்போடு இணைப்பது), இரண்டு ஒயர், மோட்பஸ் (மீட்டர் பேசும் மொழி) படிக்கும் ஒரு மென்பொருள், மீட்டரின் மேனுவல் இருந்தால் போதும்.

சப்ளையை ஆஃப் செய்த பிறகே ஒயர் மாட்டுங்கள். லோடு ஓடும்போது சிடி (மீட்டருக்காகக் கரண்டை அளக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) ஒயரைக் கழற்றவே கூடாது. திறந்த முனையில் உயிருக்கே ஆபத்தான வோல்டேஜ் வரும்.

1. செட்டிங்கை எழுதிக்கொள்ளுங்கள்

மீட்டரின் மெனுவுக்குள் போய் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஸ்லேவ் ஐடி (லைனில் அந்த மீட்டரின் எண், 1 முதல் 247 வரை), பாட் ரேட் (பேசும் வேகம்), பேரிட்டி (பிழை பார்க்கும் பிட்), ஸ்டாப் பிட் (ஒவ்வொரு எழுத்தின் முடிவைக் காட்டும் பிட்). மோட்பஸ் விதிப்படி இயல்பான அமைப்பு 19200, ஈவன் பேரிட்டி. ஆனால் 9600, பேரிட்டி இல்லாமல் வரும் மீட்டர்களும் நிறைய உண்டு. அதனால் ஊகிக்க வேண்டாம், பார்த்தே எழுதுங்கள். மென்பொருளிலும் அதையே அப்படியே கொடுங்கள்.

2. ஒயரை மாட்டுங்கள்

கன்வர்ட்டரின் ஏ முனையை மீட்டரின் ஏ முனைக்கு, பி-யை பி-க்கு.

3. ஒரு கேள்வி அனுப்பி, கன்வர்ட்டரைப் பாருங்கள்

பலரும் இந்த இடத்தில் திரையையே பார்த்துக்கொண்டு பாட் ரேட்டை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். தவறு எந்தப் பக்கம் என்று கன்வர்ட்டரில் இருக்கும் டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது) விளக்குகளே சொல்லிவிடும்.

டிஎக்ஸ் மின்னவே இல்லையா? கேள்வி லேப்டாப்பை விட்டே வெளியே போகவில்லை. காம் போர்ட் எண் (கன்வர்ட்டருக்கு லேப்டாப் கொடுத்த எண்) தவறு, அல்லது டிரைவர் சரியில்லை. மீட்டரைத் தொடாதீர்கள்.

டிஎக்ஸ் மின்னுகிறது, ஆர்எக்ஸ் மின்னவில்லையா? மீட்டர் பேசவில்லை. பாட் ரேட்டோ பேரிட்டியோ ஐடியோ பொருந்தாவிட்டால் மீட்டர் பிழை என்றுகூடச் சொல்லாது, சும்மா இருந்துவிடும். செட்டிங் எல்லாம் சரி என்றால் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஏ, பி பெயரை எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி வைப்பதில்லை. மாற்றி மாட்டினால் மீட்டர் கெடாது, பயப்பட வேண்டாம்.

இரண்டும் மின்னியும் சிஆர்சி பிழை (செய்தி சரியாக வந்ததா என்ற சோதனையில் தோல்வி) வருகிறதா? பதில் வழியில் சிதைகிறது. ஒரே ஐடியில் இரண்டு மீட்டர்கள் இருந்து, இரண்டும் ஒரே நேரத்தில் பேசலாம். ஒயர் நீளமாக இருந்தால் இரு கடைசி முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று: சில கன்வர்ட்டர்களில் அனுப்பியதே திரும்பி வந்து ஆர்எக்ஸும் மின்னும். கன்வர்ட்டரிலிருந்து ஏ, பி ஒயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். அப்போதும் மின்னினால் அது மீட்டரின் பதில் இல்லை.

மீட்டரின் முகப்பில் சிமிட்டும் சிவப்பு விளக்கை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது மின்சாரம் செலவாவதைக் காட்டும் பல்ஸ் விளக்கு. ஒரு யூனிட்டுக்கு 3200 பல்ஸ் என்று போட்டிருந்தால், 1 கிலோவாட் லோடில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 53 முறை மின்னும்.

4. முதலில் வோல்டேஜைப் படியுங்கள்

மீட்டரின் திரையோடு உடனே ஒப்பிட முடியும் என்பதால் வோல்டேஜ்தான் நல்லது. பிழை எண் 2 வந்தால் சந்தோஷப்படுங்கள், மீட்டர் பேசிவிட்டது! ரெஜிஸ்டர் (மீட்டருக்குள் ஒவ்வொரு அளவும் இருக்கும் இடம்) முகவரிதான் தவறு. மேனுவலில் 40001 என்று இருப்பதை, பல மென்பொருள்களில் 0 என்று கொடுக்க வேண்டியிருக்கும். திரையில் 231 இருக்க, லேப்டாப்பில் சம்பந்தமில்லாத எண் வந்தால், மென்பொருளில் ஃப்ளோட் (தசம எண்) வகையில் வேர்டு வரிசையை, அதாவது எண்ணின் இரண்டு பாதிகள் வரும் வரிசையை, மாற்றிப் போடுங்கள்.