ஆட்டோமேட்டிக் காரில் கியரைச் சரியாக மாற்றுவது எப்படி?

ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் மிதி இல்லாததால், கியரைத் தவறாகப் போட வாய்ப்பே இல்லை என்று புதிதாக ஓட்டுபவர்கள் பலர் நம்புகிறார்கள். மிதிதான் இல்லை, கிளட்ச் உள்ளே இருக்கிறது. டார்க் கன்வெர்ட்டர் (என்ஜினின் சுழல்விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் அமைப்பு) வகைக் கியர்பாக்ஸில் எண்ணெயில் ஊறிய உராய்வுத் தட்டுகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. எண்ணெய் அழுத்தம் அவற்றை இறுக்கும்போதுதான் கியர் விழுகிறது. லிவரைத் தவறான நேரத்தில் நகர்த்தினால் முதலில் தேய்வது இந்தத் தட்டுகளே.

முதல் படி: காரைக் கிளப்புதல்

பிரேக்கை அழுத்தியபடி 'பி' (பார்க்கிங்) நிலையில் என்ஜினை இயக்குங்கள். குளிர்ந்த என்ஜின் சற்று வேகமாகச் சுழலும் என்பதால், அந்த வேகம் தணிந்த பிறகு 'டி'க்கு (டிரைவ், முன்னோக்கி ஓட்டும் நிலை) மாற்றுங்கள். கியர் விழுந்ததை உணர்த்தும் மெல்லிய அசைவு தெரியும்வரை ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம்.

இரண்டாம் படி: முன்னும் பின்னும் திருப்புதல்

மிகுதியான சேதம் நிகழ்வது இங்கேதான். குறுகிய இடத்தில் காரைத் திருப்பும் அவசரத்தில், அது பின்னோக்கி உருண்டுகொண்டிருக்கும்போதே 'ஆர்' (ரிவர்ஸ்) நிலையிலிருந்து 'டி'க்கு மாற்றிவிடுகிறோம். அப்போது காரின் பின்னோக்கிய ஓட்டத்தை நிறுத்தும் வேலை பிரேக்கிடமிருந்து உராய்வுத் தட்டுகளுக்குப் போய்விடுகிறது. தட்டுகள் வழுக்கிச் சூடேறுகின்றன; இது வழக்கமாகிவிட்டால் அவற்றின் மேற்பூச்சு கருகி, உதிர்ந்த துகள்கள் எண்ணெயில் கலந்து, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுகளின் நுண்ணிய வழிகளுக்குள் புகுகின்றன. எனவே, சக்கரம் முழுமையாக நின்ற பிறகே லிவரை நகர்த்துங்கள். ஓடும்போது 'ஆர்' போட்டால் அதை ஏற்காத மின்னணுப் பாதுகாப்பு பல புதிய கார்களில் உண்டு. ஆனால் மெதுவான உருளலில் அது தடுக்காமல் போகலாம்.

மூன்றாம் படி: ஓடும்போது 'என்' (நியூட்ரல்) வேண்டாம்

இறக்கத்தில் 'என்' போட்டால் எரிபொருள் மிச்சமாகும் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இன்றைய என்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் பெரும்பாலும் முற்றிலும் நின்றுவிடும். 'என்' நிலையிலோ என்ஜினைச் சுழல வைக்கவே எரிபொருள் தேவை. மேலும், என்ஜின் தரும் தடுப்பும் இல்லாமல் பிரேக் மட்டுமே சுமையைத் தாங்கும். கை தவறி 'என்' விழுந்துவிட்டால் பதறி ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். காலை எடுத்து, என்ஜின் வேகம் தணிந்த பின் 'டி'க்கு வாருங்கள்.

ஏற்றத்தில் காத்திருக்கும்போதும், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக் காரைத் தாங்கி நிறுத்தாமல் பிரேக்கைப் பயன்படுத்துங்கள். குறிப்பாக, இரண்டு கிளட்ச்கள் கொண்ட இரட்டைக் கிளட்ச் வகைக் கியர்பாக்ஸ்கள் இப்படி நிறுத்தினால் விரைவில் சூடாகும்.

நான்காம் படி: நிறுத்துதல்

'பி' நிலையில் காரைப் பிடித்திருப்பது, பல்சக்கரம் ஒன்றில் மாட்டும் சிறிய உலோகக் கொக்கி மட்டுமே. கார் ஓடும்போது 'பி' போட்டால் கேட்கும் கடகடவென்ற ஒலி, அந்தக் கொக்கி பற்களின் மேல் துள்ளுவதால் எழுவது; அது உடையவும் கூடும். சரிவில் முதலில் பிரேக்கை மிதித்து நிறுத்தி, 'என்' போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பிரேக்கை மெல்ல விட்டு, கார் அசையவில்லை என்று பார்த்த பின், மீண்டும் பிரேக்கை மிதித்து 'பி' போடுங்கள். வரிசை மாறினால் காரின் எடை முழுவதும் கொக்கியின் மேல் இறங்கும்.

'டி' போட்ட பிறகும் கார் தாமதித்து நகர்ந்தாலோ, என்ஜின் வேகம் ஏறியும் கார் வேகம் கூடாவிட்டாலோ, கியர் எண்ணெய் கறுத்துக் கருகிய வாடை வீசினாலோ, தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்திருக்கலாம். அந்நிலையில் மேலும் ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.